சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வளர முடியுமா?

நர்சிங் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "அக்கா, சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அப்படியே முடங்கிப்போய்விடுவோமா? முதலில் பெரிய இடத்தில் ஐ.சி.யூ. பார்த்துவிட்டு வரட்டுமா?" தொழில் தொடங்கும் வயதில் யாருக்கும் வரக்கூடிய பயம்தான் இது. ஆளாளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்புவதைவிட ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நானும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டுத்தான் இப்போது இருக்கும் சமூக மருத்துவமனைக்கு, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சின்ன ஆஸ்பத்திரிக்கு, வந்தேன். அங்கே கற்றதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வென்டிலேட்டர், மானிட்டர், மணிக்கு இத்தனை மில்லி என்று பம்பில் வைத்து ஏற்றும் மருந்துகள் எல்லாம் அங்கேதான் கைக்குப் பழகின. ஆனால் என் வார்டில் படுத்திருந்த எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆபரேஷன். முதல் நாள் இது, இரண்டாம் நாள் இது என்று வரிசை அச்சடித்து வைத்திருக்கும். வரிசையிலிருந்து யாராவது விலகினால் கூப்பிட்ட குரலுக்கு நான்கு டாக்டர்கள் வந்து நிற்பார்கள்.

இங்கே அப்படி இல்லை. ஒரே வார்டில் நிமோனியாவுக்கு வந்தவர் இருப்பார், சர்க்கரையால் காலில் புண் ஆறாதவர் இருப்பார், இடுப்பெலும்பு முறிந்த பாட்டி இருப்பார், நேற்று ஹெர்னியா ஆபரேஷன் ஆனவர் இருப்பார். மூலையில் ஒரு படுக்கையில், இனி சிகிச்சை வேண்டாம், வலி மட்டும் இல்லாமல் இருந்தால் போதும் என்று முடிவெடுத்த ஒருவர் இருப்பார். ராத்திரியில் மொத்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு டியூட்டி டாக்டர். அவர் பெரும்பாலும் அவசரப் பிரிவில் இருப்பார். வார்டில் யாருக்கு என்ன மாறுகிறது என்பதை முதலில் பார்க்கப்போவது நர்ஸ்தான். பார்த்ததை எடைபோட்டு, டாக்டரை இப்போதே கூப்பிடுவதா, அரை மணி கழித்து மறுபடி பார்ப்பதா என்று முடிவெடுப்பதும் நர்ஸ்தான். இந்த ஒரு பொறுப்புதான் இங்கே ஒருவரை வேகமாக வளர்க்கிறது என்பது என் எண்ணம்.

ராத்திரி டியூட்டியில் எனக்கு மிக முக்கியமான கருவி, விநாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம். மூச்சை எண்ணுவதற்கு. பி.பி.யை மெஷின் பார்த்துவிடும், நாடித் துடிப்பையும் ஆக்ஸிஜன் அளவையும் விரலில் மாட்டும் கிளிப் சொல்லிவிடும். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை மட்டும் சாதாரண வார்டில் இன்றைக்கும் மனிதர்தான் நின்று எண்ண வேண்டும். அதனாலேயே எண்ணாமல் விடப்படுவதும் அதுதான். எந்த வார்டின் சார்ட்டையும் எடுத்துப் பாருங்கள், மூச்சு என்ற கட்டத்தில் வரிசையாக 18, 18, 18 என்றோ 20, 20, 20 என்றோ இருக்கும். ஒரு வார்டு முழுக்க எல்லோரும் ஒரே வேகத்தில் மூச்சுவிட முடியாது. உடம்பு சரிவதற்கு முன்னால் முதலில் அசைவது பெரும்பாலும் இந்த எண்தான். பி.பி. விழுவது பல நேரம் அதற்குப் பிறகுதான் நடக்கும். முழு 60 விநாடி எண்ணுங்கள். எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், முந்தைய நாள் வயிற்றில் ஆபரேஷன். மாலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். நள்ளிரவில் நான் போனபோது தூங்கவில்லை, ஆனால் "ஒன்றும் இல்லைம்மா, நீங்கள் போய் மற்றவர்களைப் பாருங்கள்" என்றார். நிமிடத்துக்கு 24 மூச்சு. ஆக்ஸிஜன் 94. நாடி 104. காய்ச்சல் 38.2. பி.பி. 118, அதில் குறையே இல்லை. தனித்தனியாக எடுத்தால் எந்த எண்ணும் யாரையும் ஓட வைக்காது. ஆபரேஷன் ஆனவருக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருக்கும், வலியில் நாடி ஏறும், வயதானவருக்கு ஆக்ஸிஜன் 94 இருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம்.

இப்படிச் சமாதானம் சொல்லிக் கடந்துவிடாமல் இருக்கத்தான், உடல்நிலை மோசமாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் நியூஸ் (NEWS, National Early Warning Score) என்ற மதிப்பெண் முறை வந்தது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து, 2017-இல் திருத்தியது. மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, வெளியிலிருந்து ஆக்ஸிஜன் தருகிறோமா, பி.பி., நாடி, நினைவு, உடல் வெப்பம் ஆகிய ஏழுக்கும் இயல்பிலிருந்து விலகியிருக்கும் அளவுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். அந்த மனிதருக்கு மூச்சுக்கு 2, ஆக்ஸிஜனுக்கு 1, நாடிக்கு 1, காய்ச்சலுக்கு 1. கூட்டினால் 5. ஐந்து என்றால் டாக்டர் உடனடியாக வந்து பார்க்க வேண்டும் என்று பொருள். ஏழைத் தொட்டால் அது அவசரநிலை. அதுமட்டுமல்ல, எந்த ஒரு அளவும் தனியாக 3 வாங்கினாலும் சொல்லியாக வேண்டும். திருத்திய முறையில் புதிதாக ஏற்பட்ட குழப்பத்துக்கே 3 மதிப்பெண். ஒருவர் திடீரென்று "இது என் வீடுதானே" என்று கேட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நாம் நகரக்கூடாது.

டாக்டரை போனில் கூப்பிட்டேன். இங்கேதான் இன்னொரு பயிற்சி தேவைப்படுகிறது. தூக்கத்திலோ வேறு அவசரத்திலோ இருக்கும் ஒருவரிடம் "டாக்டர், எட்டாம் படுக்கைக்காரர் சரியில்லை போலத் தெரிகிறது, கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா" என்று இழுத்தால் "காலையில் பார்ப்போம்" என்ற பதில்தான் வரும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்படுத்திய ஒரு முறையை, அங்கிருந்து கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனம் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தது. எஸ்.பி.ஏ.ஆர். என்று சொல்வார்கள். இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்ற நான்கையும் இதே வரிசையில் சொல்ல வேண்டும்.

"டாக்டர், ஆண்கள் வார்டு சிஸ்டர் பேசுகிறேன். எட்டாம் படுக்கை நோயாளிக்கு மதிப்பெண் 5, மாலையில் 1 இருந்தது. நேற்று வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். மூச்சு 24, காய்ச்சல் 38.2. நெஞ்சிலோ வயிற்றிலோ கிருமித் தொற்று தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பதினைந்து நிமிடத்துக்குள் வந்து பாருங்கள். அதற்குள் ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வைக்கவா?"

கடைசி மூன்று வாக்கியங்கள்தான் புதியவர்களுக்கு வராது. எண்களைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு டாக்டரிடம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நமக்கெல்லாம் சொல்லாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பது நாம். நம் கணிப்பும் அவருக்குத் தேவையான ஒரு தகவல். அன்றைக்கு டாக்டர் வந்தார், விடிவதற்குள் ஆன்டிபயாட்டிக் ஏறியது, அந்த நோயாளி இன்னும் சில நாள் இருந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

சத்தம் போடாத நோயாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து வரும் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வருவது மிகவும் சாதாரணம். டெலிரியம் என்போம். அது இரண்டு விதமாக வரும். ஒன்று, டிரிப்பைப் பிடுங்குவார், படுக்கையிலிருந்து இறங்கப் பார்ப்பார், கத்துவார். அது எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். இன்னொன்றில் ஆள் அமைதியாகிவிடுவார். சாப்பிடச் சொன்னால் வாயைத் திறப்பார், விட்டால் கண்ணை மூடிக்கொள்வார். "நல்ல பேஷன்ட், தொந்தரவே இல்லை" என்று டியூட்டி மாறும்போது சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் நான் முதலில் அந்தப் படுக்கைக்குத்தான் போவேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு, வார நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். முடியாவிட்டால் காரணம் தேட வேண்டும். சிறுநீர் கட்டியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள் ஆனது, வலிக்கு என்ன கொடுத்திருக்கிறோம், புதிதாக ஏதாவது தொற்றா? அதோடு மூக்குக் கண்ணாடி எங்கே, காது கேட்கும் கருவி எங்கே? இவை இரண்டும் அலமாரியில் பூட்டியிருந்தால், கண்ணும் காதும் இல்லாமல் ஒரு புது இடத்தில் அவரைப் படுக்க வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். மகள் கொண்டுவந்த கண்ணாடியைப் போட்டுவிட்டு, ஜன்னல் திரையைத் திறந்ததும் பாதி தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் படுக்கைப் புண். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏனென்றால் ஒரு வார்டின் நர்சிங் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் சார்ட்டைப் பார்க்க மாட்டேன், நோயாளிகளின் குதிகாலையும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியையும்தான் பார்ப்பேன். இந்தப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோல் 1987-இல் வெளியானது. வலியையும் அழுத்தத்தையும் உணர்கிறாரா, தோல் ஈரமாக இருக்கிறதா, எழுந்து நடமாடுகிறாரா, படுக்கையில் தானே புரள்கிறாரா, சாப்பாடு இறங்குகிறதா, இழுத்து நகர்த்தும்போது தோல் உரசுகிறதா என்று ஆறு கேள்விகள். முழு மதிப்பெண் 23. பதினெட்டோ அதற்குக் கீழோ வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம்.

மதிப்பெண் போட்டு ஃபைலில் வைப்பதோடு நிறைய இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அது முதல் நிலைப் புண், தோல் கிழியவில்லை என்றாலும் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. கருமையான தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதைப் பாடப் புத்தகங்கள் வெகுகாலம் அழுத்திச் சொல்லவில்லை. அங்கே கண்ணைவிடக் கையை நம்புங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், வலிக்கிறதா என்று கேளுங்கள்.

ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது செங்குத்தாக வைக்காதீர்கள், முழு எடையும் இடுப்பு எலும்பின் முனையில் இறங்கும். முப்பது டிகிரி சாய்த்து முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். தலைமாட்டைத் தேவைக்கு மேல் உயர்த்தினால் ஆள் மெல்லக் கீழே சறுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் கீழே போகும். இடையில் ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்கும். இதெல்லாம் எந்த மெஷினும் இல்லாமல், இரண்டு பேர் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியது. செய்யாவிட்டால் ஒரு புண் ஆற மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஆறாமலே போகும்.

கை கழுவுவது பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன ஐந்து தருணங்களில், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பிறகு என்ற ஐந்தாவதுதான் எல்லோருக்கும் மறக்கிறது. கட்டில் கம்பியும் டிரிப் ஸ்டாண்டும்கூட நோயாளியின் உடம்பில் சேர்ந்தவை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

சமூக மருத்துவமனையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நோயாளிகள் திரும்பி வருவார்கள். பெரிய இடத்தில் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்தால் அதோடு சரி, அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவே தெரியாது. இங்கே இதயம் பலவீனமானவர், நுரையீரல் கெட்டவர், சர்க்கரைக்காரர் எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். போன முறை நான் சொல்லி அனுப்பியது பலித்ததா இல்லையா என்று அவர்கள் உடம்பே எனக்குச் சொல்லிவிடும்.

இதய பலவீனத்துக்காக அடிக்கடி வந்துகொண்டிருந்த ஒரு அம்மா இருந்தார். ஒவ்வொரு முறையும் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் நிலையில்தான் வருவார். ஒவ்வொரு முறையும் "உப்பைக் குறையுங்கள், மாத்திரையை விடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு முறை டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் புரியும்படி சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரைகளை எப்படி எடுத்துக்கொள்வீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். நீர் பிரியும் மாத்திரையைக் கையில் எடுத்து, "இது கால் வீங்கினால் மட்டும்" என்றார். தினமும் எடுக்க வேண்டிய மாத்திரை அது. வெளியே போகும் நாட்களில் கழிப்பறை கிடைக்காது என்று முழுவதுமாக விட்டுவிடுவாராம். இத்தனை முறை அட்மிட் ஆனதற்கும் காரணம் அவருக்கு அக்கறை இல்லாதது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எந்த நேரத்தில் எடுத்தால் வெளியே போக வசதி என்று டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றினோம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே எடைக் கருவியில் எடை பார்த்து எழுதச் சொன்னேன். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். மூச்சு முட்டும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வந்து காட்ட வேண்டும். அடுத்த முறை அவர் நோட்டுப் புத்தகத்தோடு வெளிநோயாளியாக வந்தார், படுக்கை தேவைப்படவில்லை. ஒரு நர்ஸுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எங்கிருந்து வரும்? இதற்கு எந்தப் பட்டமும் விருதும் கிடையாது. டிஸ்சார்ஜ் நாளில் வார்டு பரபரப்பாக இருக்கும், அடுத்த நோயாளி படுக்கைக்காகக் காத்திருப்பார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து இப்படித் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கும் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது தொழில் வளர்ச்சிக்கு வருகிறேன். நர்ஸ் எப்படிப் படிப்படியாகத் தேர்ச்சி பெறுகிறார் என்பதை ஐந்து நிலைகளாக விளக்கியவர் பாட்ரீசியா பென்னர். 1984-இல் அதை எழுதினார். ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்த பிறகுதான் ஒருவர் மூன்றாவது நிலையான திறன் பெற்றவர் என்ற இடத்துக்கு வருகிறார் என்பது அவருடைய கணிப்பு. சம்பளம் கொஞ்சம் கூட என்று ஆறு மாதத்துக்கு ஒரு இடம் மாறும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு இடத்திலும் மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்று கற்பதிலேயே காலம் போய்விடும், நோயாளியைப் படிக்க நேரம் இருக்காது.

சமூக மருத்துவமனையிலிருந்து பிரியும் பாதைகள் நிறைய. காயப் பராமரிப்பு, நோய்த்தொற்றுத் தடுப்பு, டயாலிசிஸ், மகப்பேறு, சர்க்கரை நோய்க் கல்வி, வலி தணிப்பு, வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சமூக நர்சிங். எதில் மனம் போகிறது என்று தெரிந்துகொள்ள இவை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் கிடைக்கும். நோயாளியைத் தானே பரிசோதித்துச் சிகிச்சையும் தரும் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பொறுப்புகூட இப்படி எளிய இடத்தின் தேவையிலிருந்து வந்ததுதான். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து அதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எளிதில் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைப் பரிசோதித்துக் கவனிக்க நர்ஸுகளைத் தயார் செய்வதுதான் நோக்கம்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் தொழிலில் மேலே போவது என்றால் படுக்கையை விட்டு விலகிப் போவது என்று ஆகிவிட்டது. நன்றாக நோயாளி பார்ப்பவரை இன்சார்ஜ் ஆக்குவார்கள், அப்புறம் கண்காணிப்பாளர், அப்புறம் ஒரு மேஜையும் பதிவேடுகளும். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், டிரிப் ஏற்றும் கேனுலா ஊசியைப் போட ரத்தக் குழாயே கிடைக்காத குழந்தைக்கும் ஒரே குத்தலில் போட்டுவிடும் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அவரைப் பதவி உயர்வு கொடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். வார்டில் இருந்துகொண்டே சம்பளம் உயர வழியே இல்லாததால் அவரும் மறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு இளையவர்கள் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு அவரைத் தேடி மாடிக்கு ஓடுவார்கள். படுக்கைப் பக்கத்திலேயே இருந்து, நோயாளியையும் பார்த்து, இளையவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கும் மூத்த நர்ஸுக்கு அதற்கென்று ஒரு பதவியும் அதற்கேற்ற சம்பளமும் இருக்க வேண்டும். சில நாடுகளில் கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்று இருக்கிறது. ஒவ்வொரு சின்ன ஆஸ்பத்திரியிலும் ஒருவராவது அப்படி இருந்தால் எத்தனை பேர் தொழிலை விட்டுப் போகாமல் இருப்பார்கள்!

ஆள் பற்றாக்குறையைச் சொல்லாமல் மேலே எழுதியது எல்லாம் நியாயமாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி 2023-இல் உலகத்தில் ஏறக்குறைய 2 கோடியே 98 லட்சம் நர்ஸுகள் இருந்தார்கள், இன்னும் 58 லட்சம் பேர் தேவை. இது ஏதோ தூரத்து எண் இல்லை. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதில் வந்து நிற்கிறது. நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு இதுதான்: ஒரு நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நர்ஸ் மனம் வெதும்பிச் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. கலிபோர்னியா இதற்குச் சட்டமே போட்டது. 1999-இல் நிறைவேறிய சட்டம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது, பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது என்ற நிலை 2005-இல் வந்தது.

மூச்சை முழு 60 விநாடி எண்ணுங்கள் என்று மேலே எழுதினேன். ராத்திரியில் இருபது பேரை ஒரு நர்ஸிடம் கொடுத்துவிட்டு அதை எதிர்பார்க்க முடியாது. எண்ணாமல் 20 என்று எழுதுபவரைச் சோம்பேறி என்று திட்டுவது எளிது. ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு, நாடி, பி.பி., காய்ச்சல், மருந்து, புரட்டிப் படுக்க வைப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது பேருக்கு அந்த ராத்திரியின் நிமிடங்கள் போதாது. இதைப் பேசாமல் நர்ஸின் அன்பையும் தியாகத்தையும் மட்டும் மேடையில் புகழ்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மே 12-ஆம் தேதி நாம் யார் பிறந்தநாளை நர்ஸுகள் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கோடு நடந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கிரிமியப் போரிலிருந்து திரும்பியதும் அவர் செய்த வேலை, சாவுகளை எண்ணிக் கணக்குப் போட்டு, காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்று வரைபடமாக அரசாங்கத்தின் முன் வைத்தது. நம் வார்டின் எண்களை நாமும் அப்படி எழுதி வைக்க வேண்டும். ஆள் குறைந்த ராத்திரி எது, அன்றைக்கு யார் விழுந்தார், எந்த மருந்து தாமதமானது என்று. நிர்வாகத்திடம் பேசப் போகும்போது கையில் அந்தத் தாள் இருந்தால் நம் குரலுக்கு எடை கூடும்.

சரி, சின்ன ஆஸ்பத்திரியில் சேரலாமா? சேருங்கள் என்பேன், ஆனால் எல்லாச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இல்லை. நேர்காணலில் அவர்கள் மட்டும் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்களும் கேளுங்கள். ராத்திரியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? "அது நிலைமையைப் பொறுத்தது" என்றால், போன வாரம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். புதிதாகச் சேருபவருக்குக் கூடவே இருந்து கற்றுக்கொடுக்க ஒரு மூத்தவரை எத்தனை வாரம் விடுவீர்கள்? அந்த நாட்களில் என்னையும் ஆள் கணக்கில் சேர்ப்பீர்களா? சேர்ப்போம் என்றால் கூட இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது என்று புரிந்துகொள்ளுங்கள். நோயாளியின் நிலை மோசமானால் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் வராவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறதா? டியூட்டி மாற்றும்போது படுக்கை படுக்கையாகப் போய் ஒப்படைக்கிறார்களா, நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறார்களா?

முடிந்தால் வார்டைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்களில் ஐந்தாறு வருடமாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரிடம் பேச்சுவாக்கில் விசாரியுங்கள். எல்லோரும் புதியவர்களாகவே இருந்தால் வேறு இடம் பாருங்கள். மூத்தவர்கள் நாலு பேர் இருந்து, உங்கள் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னால், கட்டிடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போடுங்கள். போகும்போது விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள், நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்ததும் பதில் போடுகிறேன்.